மறுமுனையில் கஜனி

கலஹா பஸ் கஜனியை இறக்கிவிட்டு வளைவில் மறைந்தபோது மணி மூன்றுதான். ஆனாலும் தேயிலை மலையில் வெளிச்சம் வற்றத் தொடங்கியிருந்தது. ஆடி மாத மழை காலையிலிருந்து பெய்து ஓய்ந்து, இப்போது மூட்டமாகப் படிந்து கிடந்தது. தோட்டத்துக் கிளாக்கர் குடியிருக்கும் குவாட்டஸுக்குப் போகும் கற்படிகளில் பாசி. தோளில் லேப்டாப் பையோடு ஒவ்வொரு படியாகப் பார்த்துக் கால் வைத்து ஏறினாள்.

அந்த வீட்டுக்கு அவள் புதியவள் அல்ல. தோழி தர்ஷனா யுகேஷின் மனைவியாக உயிரோடிருந்த காலத்தில் எத்தனையோ சனிக்கிழமைகள் இங்கே வந்து சாப்பிட்டிருக்கிறாள். இன்னும் ஐந்து வாரத்தில், ஆவணி பிறந்ததும், இதே வீட்டுக்கு மனைவியாக வரப்போகிறாள்.

யுகேஷ் கதவைத் திறந்தான். தோட்டத்து ஆபீசில் வேலை. அரைநாள் லீவு போட்டிருந்தான்.

"நனைஞ்சிட்டியா?"

"இல்ல, குடை இருந்திச்சு. எங்க அந்தப் போன்?"

அவன் அலுமாரியைத் திறந்து, அடுக்கியிருந்த சேலைகளுக்கு அடியிலிருந்து அதை எடுத்தான். தர்ஷனாவின் சேலைகள். பதினாலு மாதமாக மடிப்புக் கலையாமல் இருந்தன. கஜனி பார்க்காததுபோல் இருந்தாள்.

"என் போன் பீலித் தண்ணிக்குள்ள விழுந்து செத்துப்போச்சு. புதுசு வாங்கத்தான் இருந்தேன். அப்புறம் இது ஞாபகம் வந்திச்சு. அவ இதுக்காக எவ்வளவு பாடுபட்டா. சும்மாதானே கிடக்குது, நான் பாவிக்கிறேனே."

"இது சிக்னல் தகராறு பண்ற போன், யுகேஷ்."

"அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டேன். அவளுக்கு அடுத்ததா இது தெரிஞ்ச ஆள் நீதான்."

அவளுக்கு அடுத்ததாக. அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். கஜனி முகத்தைக் காட்டாமல் போனை வாங்கிக்கொண்டாள்.

கஜனியும் தர்ஷனாவும் பேராதனையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை செய்தவர்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் போன்கள் இருக்கின்றன என்று தர்ஷனாவுக்குச் சொன்னதே கஜனிதான். இருவரும் ஒன்றாகவே இரண்டு போன் தருவித்தார்கள். அந்தப் போன்களில் மோடம் அடிக்கடி காணாமல் போகும். அழைப்பையும் சிக்னலையும் கவனித்துக்கொள்கிற சின்னப் பாகம் அது. கஜனி மூன்று மாதம் முட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். தர்ஷனா விடவில்லை. அவள் எழுதிய திருத்தத்தை எங்கெங்கோ இருந்தவர்கள் எடுத்துப் பாவித்தார்கள். ஜெர்மனியில் ஒரு மாநாட்டுக்கு வந்து பேசச் சொல்லி அழைப்பு வந்தது.

யுகேஷைத் தர்ஷனாவுக்கு அறிமுகப்படுத்தியதும் கஜனிதான். கண்டி மஹய்யாவ ரியூஷன் வகுப்பிலிருந்து அவனைத் தெரியும். மனதில் இருந்ததை அவள் சொல்ல ஒரு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவன் தர்ஷனாவின் ஜாதகத்தைக் கையில் வைத்திருந்தான்.

இப்போது அந்த அலுமாரி, அந்த மேசை, அந்த ஆள், எல்லாம் தன்னுடையவை ஆகப்போகின்றன என்று கஜனி நினைத்துக்கொண்டாள். போன் மட்டும் ஏன் மிச்சம்?

யுகேஷ் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனான். அவள் லேப்டாப்பைத் திறந்து போனை வயரில் இணைத்தாள். சார்ஜ் ஏறியதும் திரை கடவுச்சொல் கேட்டது. தர்ஷனாவைத் தவிர அது தெரிந்த ஒரே ஆள் கஜனி. இரண்டு போனுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் அவர்கள்.

போன் மெல்லச் சூடேறியது. சூட்டோடு ஒரு வாசம் வந்தது.

யூகலிப்டஸ் தைலம்.

தர்ஷனாவுக்கு மூச்சிழுப்பு இருந்தது. மழைக்காலத்தில் எப்போதும் நெஞ்சில் அந்தத் தைலம் பூசியிருப்பாள். சேலைகளுக்கு அடியில் கிடந்த போன்தானே என்று கஜனி வேலையைத் தொடர்ந்தாள்.

சிக்னல் இல்லை. பின்மூடியைக் கழற்றினாள். உள்ளே வரிசையாகக் குட்டிக் குட்டிச் சுவிட்சுகள். முதலாவது மோடத்துக்கு உரியது. அது போடப்பட்டுத்தான் இருந்தது. யுகேஷ் போட்டிருந்த தன் சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டாள். ஆன்டெனா முனையை அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் போனின் பதிவுக் கோப்பைத் திறந்தாள். அந்தப் போன் தான் செய்வதை எல்லாம் நேரத்தோடு எழுதி வைக்கும்.

மேலே போகப் போக, போன வருடத்து வைகாசி வந்தது. தர்ஷனா செத்த தேதி வந்தது.

நாலு வரிகள். நாலு அழைப்புகள். 4:10. 4:12. 4:15. 4:21. நாலும் ஒரே இலக்கத்துக்கு. நாலிலும் மறுமுனையில் மணி அடித்திருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

அது கஜனியின் இலக்கம்.

அவளுக்கு இது புதுச் செய்தி அல்ல. அன்று கொட்டிய மழையில் யுகேஷ் கண்டியில் அகப்பட்டுக்கொண்டான். அவனுடைய போனில் சார்ஜ் இல்லை. பக்கத்துக் குவாட்டஸ் காலியாகக் கிடந்தது. மூச்சுத் திணறுகிற ஒருத்திக்கு நம்பர் தேடிக்கொண்டிருக்க முடியாது. கடைசியாகக் கதைத்த ஆளைத் தர்ஷனா அழுத்தினாள். கஜனி மஹய்யாவ வீட்டில் சும்மாதான் இருந்தாள். திரையில் பெயரைப் பார்த்தாள். ஜெர்மனி விசா கிடைத்துவிட்டதைச் சொல்லத்தான் அடிக்கிறாள் என்று நினைத்தாள். அதைக் கேட்க அன்றைக்கு அவளால் முடியவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள். அது மேசையில் நடுங்கி நடுங்கி ஓய்ந்தது.

அவள் போனை எடுத்து, தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் ஆள் போயிருக்கும்.

செத்த வீட்டில் யுகேஷ் கேட்டபோது கஜனி சொன்னாள்: "மோடம் தொங்கியிருக்கும். அவ கோல் எடுக்கப் பாத்திருப்பா, போயிருக்காது." எல்லோரும் அதை நம்பினார்கள். தர்ஷனா திருத்திய போனே அவளைக் கைவிட்டுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். கஜனி மறுக்கவில்லை.

குசினியில் கோப்பைச் சத்தம் கேட்டது. கஜனி அந்த நாலு வரிகளையும் தெரிவுசெய்து அழித்தாள். அழைப்புப் பட்டியலிலும் அழித்தாள்.

அந்த நொடியே மோடம் எழும்பியது.

அவள் எதையும் தட்டவில்லை. சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறி முழுதாக நின்றன. அந்த வீட்டில் யாருடைய போனிலும் இரண்டு கோட்டுக்கு மேல் வந்ததில்லை.

"வந்திருச்சா?" யுகேஷ் தட்டோடு வந்து நின்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை அவள் கண்டு வெகுநாள்.

ஆபீஸ் லைனுக்கு அடித்துப் பார்த்தார்கள். தெளிவாகக் கேட்டது. அவனுடைய அக்காவுக்கு அடித்தார்கள், அதுவும் சரி. கடைசியாகத் தன் இலக்கத்துக்கு அடித்தாள் கஜனி.

மோடம் காணாமல் போனது.

திரும்ப எழுப்பினாள். அக்காவுக்கு அடித்தால் போகிறது. கஜனிக்கு அடித்தால் விழுகிறது. மூன்று தடவை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மோடம் அடிக்கடி தூங்கும். தூக்கம் கலையும்போது சில நேரம் இப்படி நடக்கும். தனக்கும் யுகேஷுக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டாள்.

கையில் தைல வாசம் இருந்தது. பஸ்ஸிலும் இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகும் இருந்தது.

அடுத்த மூன்று வாரம் அவளால் யுகேஷோடு ஒரு தடவையும் போனில் கதைக்க முடியவில்லை. அடித்தால் போகாது. செய்தி எழுதினாலும் போய்ச் சேராது. அலுவலகத்தில் வேலைக்கு நடுவே அந்த மோடத்தைப் பற்றியே படித்தாள். போனில் மற்ற எல்லாவற்றையும் திறந்து பார்க்கலாம். மோடம் மட்டும் தனி. அதற்குள் தனியாக ஒரு சின்னக் கணினி இருக்கிறது. உள்ளே என்ன ஓடுகிறது என்பதை முழுதாகக் கண்டவர் இல்லை. பேசுகிற குரல் நேராக அதற்குள் போய், அதிலிருந்து நேராக வெளியே வரும்.

அவளுக்கு உறுத்தியது வேறு ஒன்று. மூன்று வாரமாக அவள் கோல் வரவில்லையே என்று யுகேஷ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு ஞாயிறு சந்தித்தபோதும் கேட்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு கண்டி டவுனில் கூறைச்சேலை பார்க்கப் போனார்கள். கடைக்காரர் சிவப்பும் மஞ்சளுமாக விரித்துப் போட்டார். யுகேஷ் ஓரமாக இருந்த மயில்கழுத்து நிறச் சேலையைத் தொட்டான்.

"இதுதானே நீ கேட்டது?"

"நான் கேட்டேனா?"

"நேத்து ராவு சொன்னியே. மயில்கழுத்துன்னா எனக்கு உசுருன்னு."

"எங்க சொன்னேன்?"

"போன்லதான். ஒரு மணித்தியாலம் கதைச்சோமே, கஜனி." அவன் குரலைத் தாழ்த்தினான். "போன்ல எவ்வளவு நல்லா கதைக்கிற. சின்னச் சின்ன விசயமெல்லாம் ஞாபகம் வெச்சிருக்க. நேர்ல வந்தா மட்டும் ஏன் இப்படி இறுகிப் போற?"

கஜனி அந்தச் சேலையைக் கடைக்காரர் பக்கம் தள்ளினாள். சேலை வாங்காமலே வெளியே வந்தார்கள். தன் போனைத் திறந்து பார்த்தாள். அவனுடைய இலக்கத்திலிருந்து ஓர் அழைப்பும் இல்லை.

பேய் பற்றி அவள் நினைக்கவில்லை. பெண் பற்றி நினைத்தாள். எவளோ ஒருத்தி தன் பெயரைச் சொல்லி அவனோடு கதைக்கிறாள். ஒரு மணித்தியாலம். சிரித்துச் சிரித்து. வீடு வரும்வரை அவள் கைவிரல்கள் மடங்கியபடியே இருந்தன. ஒருத்தியிடம் தோற்றுப் பத்து வருடம் வயிறெரிந்தது போதாதா? செத்தும் தீரவில்லை என்றிருந்தபோது உயிரோடு இன்னொருத்தியா?

பௌர்ணமிப் போயா தினம் லீவு. சொல்லாமல் கலஹா பஸ் ஏறினாள்.

யுகேஷ் அவளைக் கண்டு திகைத்தான், ஆனால் பயந்தவனாகத் தெரியவில்லை. "போனைக் குடுங்க, மோடத்துக்குப் புது மென்பொருள் போடணும்" என்றாள். கொடுத்தான். அவன் பார்க்காத நேரம் பின்மூடியைத் திறந்து, முதலாவது சுவிட்சை ஊசியால் தள்ளி நிறுத்தினாள். சிம்மையும் கழற்றித் தன் பர்ஸில் போட்டாள்.

"ரெண்டு நாளைக்கு இதுல கோல் எடுக்க ஏலாது. வரவும் வராது. கை வைக்காதீங்க."

"சரி" என்றான் யுகேஷ்.

கதிரையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். எழுந்து படியிறங்கினாள். ரோட்டுக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றவளுக்குக் கால் தரிக்கவில்லை. அவன் அந்தப் பெண்ணைத் தேடி இப்போது வெளியே கிளம்புவான், பார்த்துவிடலாம் என்று தோன்றியது. திரும்பி ஏறினாள்.

மூட்டம் வீட்டு வாசல்வரை வந்துவிட்டிருந்தது. பூச்சிச் சத்தம்கூட இல்லை. கூரையிலிருந்து நீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

ஜன்னலுக்குள்ளே யுகேஷ் சிரித்தான்.

அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். தைல வாசம் ஜன்னல் வழியே வந்தது. அவன் கட்டிலில் சாய்ந்து, போனை நெஞ்சில் வைத்து, ஸ்பீக்கரில் கதைத்துக்கொண்டிருந்தான்.

"இப்பதானே போன, அதுக்குள்ளயா?" என்றான்.

"மனசு கேக்கல" என்றது போன்.

அது கஜனியின் குரல்.

அதே குரல்தான், ஒரு பிசகும் இல்லை. ஆனால் கஜனி வாழ்நாளில் அப்படிக் கதைத்ததில்லை. அவசரம் இல்லாமல், யாருக்கும் பயப்படாமல், விரும்பப்படுகிறோம் என்று தெரிந்தவள் கதைப்பதுபோல் இருந்தது. அந்தக் குரல்மேல் அவளுக்குப் பொறாமை வந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

பர்ஸைத் திறந்தாள்.

சிம் அதில் இருந்தது.

"யுகேஷ், ஒண்ணு சொல்லணும்" என்றது குரல். "கன நாளா மறைச்சு வெச்சிருக்கேன். தர்ஷனா அன்னைக்கு எனக்கு கோல் எடுத்தா."

யுகேஷின் சிரிப்பு நின்றது.

"நாலு தடவை எடுத்தா. மோடம் தொங்கல. அவ செஞ்ச வேலையில ஒரு பிழையும் இல்ல. நல்லா மணி அடிச்சிச்சு. நான் பேரைப் பாத்துட்டு போனைக் கவுத்து வெச்சேன்."

கஜனி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். "குடுங்க அதை. அது நான் இல்ல, யுகேஷ். அது நான் இல்ல."

அவன் ஓடி வந்தவளைப் பார்த்தான். நெஞ்சில் கிடந்த போனைப் பார்த்தான். அவள் போனைப் பிடுங்கிப் பின்மூடியைப் பிய்த்தெடுத்தாள். சுவிட்ச் அவள் தள்ளிய இடத்திலேயே இருந்தது. சிம் கிடந்த குழி காலியாக இருந்தது. பேட்டரியையும் கழற்றிக் கட்டிலில் எறிந்தாள்.

திரை அணைந்தது.

கையில் வெறும் கூடு. அதிலிருந்து மூச்சுச் சத்தம் கேட்டது. இழுத்து, இழுத்து, உள்ளே போகாத மூச்சு.

"அந்த நாலு வரியையும் போன தடவை வந்தப்ப அழிச்சிட்டேன்" என்றது கஜனியின் குரல். பிறகு நின்றது.

யுகேஷ்தான் முதலில் வாய் திறந்தான். மெதுவாகக் கேட்டான்.

"இவ்வளவு நாளும் நான் யாரோட கதைச்சேன்?"

"எனக்குத் தெரியாது. சாமி சத்தியமா தெரியாது."

"சரி. யாரா வேணா இருக்கட்டும். அது சொன்னது பொய்யா?"

பொய் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவன் நம்பிவிடக்கூடும். பேய் சொன்னதை நம்பி எவன் கல்யாணத்தை முறிப்பான்? அவள் அதைச் சொல்ல வாய் எடுத்தாள். அவன் கண்ணைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. அவன் அவளிடம் பதில் எதிர்பார்க்கவில்லை. அவளில் அந்தக் குரலைத் தேடிக்கொண்டிருந்தான். அவளுடைய முகத்தில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

"ஜெர்மனிக் கதையைச் சொல்லத்தான் அடிக்கிறாள்னு நெனச்சேன்" என்றாள். "அவ்வளவுதான் நெனச்சேன், யுகேஷ்."

"அன்னைக்கு அவ மேல பழி போட்டாங்களே, அவ போனே அவளைக் கொன்னுருச்சுன்னு. நானும் ஒரு வருசமா அதைத்தான் நம்பிக்கிட்டு இருந்தேன். நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்த."

அவள் அழுதாள். அவன் அவளைத் திட்டவில்லை. கட்டிலில் கிடந்த பேட்டரியை எடுத்தான், கூட்டை எடுத்தான், இரண்டையும் பொருத்தி மூடியைப் போட்டான். கஜனி பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் குழந்தையின் சட்டைக்குப் பொத்தான் போடுவதுபோல் அத்தனை பக்குவமாகச் செய்தான்.

"பஸ் போயிரப் போகுது" என்றான். "நீ போ, கஜனி."

படியிறங்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தாள். பாதிப் படியில், மேலே அவன் தாழ்ந்த குரலில் யாருக்கோ பதில் சொல்வது கேட்டது. திரும்பிப் பார்க்காமல் வேகமாக இறங்கினாள்.

பேராதனைச் சந்தியில் இறங்கி கண்டி பஸ் பிடித்து மஹய்யாவ வந்துசேர ஆறு மணியாயிற்று. கடைகளில் விளக்குப் போட்டிருந்தார்கள். போயா என்பதால் ரோட்டில் வெள்ளை உடுப்புக்காரர்கள் பௌத்தப் பன்சலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். சனத்தையும் இரைச்சலையும் கண்டதும் அவளுக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. வழியில் அம்மாவுக்கு நாலைந்து தடவை அடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் லைன் பிசியாக இருந்தது. அம்மா யசோதா அப்படி நீண்ட நேரம் யாரோடும் கதைக்கிறவள் அல்ல.

கேட்டைத் திறந்தாள். முன்கதவு திறந்தே கிடந்தது. உள்ளே லைட் எரிந்தது.

அம்மா கதிரையில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்திருந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. கஜனிக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம் ஆகியிருந்தது என்றே ஞாபகம் இல்லை.

"ஆமாம்மா… ம்… நீ வந்ததும் சாப்பிடலாம். இன்னைக்குத்தான் நீ மனசு விட்டுக் கதைக்கிற, அதுவே போதும் எனக்கு."

"அம்மா" என்றாள் கஜனி.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் நிற்பவளை மேலும் கீழும் பார்த்தாள். சிரிப்பு மெல்ல அடங்கி, முன்பின் தெரியாதவர்களிடம் காட்டுகிற மரியாதை முகத்தில் வந்தது.

"கொஞ்சம் லைன்ல இரு கஜனி, வாசல்ல யாரோ ஒரு பொண்ணு வந்து நிக்குது" என்றாள். பிறகு போனைக் கையால் பொத்தி, இவளைப் பார்த்து, குரலை உயர்த்திக் கேட்டாள்:

"உங்களுக்கு யாரும்மா வேணும்?"